பட அளவுச் சோதனை மகாத்மியம்

உள்ளங்கையில் அடங்கும் சர்க்யூட் பலகையொன்றில் ஜேபெக் படத்தை விரித்துத் திரையில் காட்ட முனைவோர், ஒதுக்கிய நினைவகத்துள் அப்படம் அடங்குமா என்று வினவும் ஒற்றை வரிச் சோதனையை அற்பமெனக் கருதிக் கடந்துவிடுவது வழக்கமாயினும், அவ்வரியின் ஸ்வரூபத்தை விசாரிப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

பூர்வபட்சத்தார் கூறுவது: அகலத்தை உயரத்தால் பெருக்கிப் பிக்சலுக்கு இரண்டு பைட் கொடுத்தால் போதும், 320க்கு 240 படத்துக்கு 1,53,600 பைட், அதற்குமேல் கேட்பது ஊதாரித்தனம். உள்நினைவகம் மொத்தமே 520 கிலோபைட் உள்ள ஈ.எஸ்.பி.32 சில்லில் சிக்கனம் தர்மமேயாதலால் இவர்களைப் பழிப்பதற்கில்லை.

ஆனால் 1992இல் வரையறுக்கப்பட்ட ஜேபெக் முறையோ படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகவும், நிறத்தகவலை இரு திசையிலும் பாதியாக்கிய படமாயின் பதினாறுக்குப் பதினாறு கட்டங்களாகவுமே எண்ணுவது. ஆகவே ஓரத்தை வெட்டாமல் முழுக் கட்டமாகவே எழுதும் டிகோடரிடம் இவ்வகைப்பட்ட 100க்கு 100 படமொன்று சென்றால், அது 112க்கு 112 ஆகி, 20,000 பைட் இடத்தில் 25,088 பைட் வந்து இறங்குகிறது. சோதனை சின்னப்படியால் அளக்க, டிகோடர் பெரியபடியால் கொட்டுகிறது.

மிகுந்த 5,088 பைட்டும் அடுத்திருந்த தரவுகளின்மேல் சத்தமின்றிப் படிகின்றன. அக்கணமே பலகை விழுந்துவிட்டால் பிழையைக் கண்டுகொள்ளலாம். அதுவோ நெடுநேரம் கழித்து, வேறெங்கோ நினைவகத்தை விடுவிக்கும் வேளையில் விழுவதால், படத்தோடு யாதொரு சம்பந்தமுமற்ற வைஃபை நிரல் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. பஃபரின் முடிவில் காவல் எண்ணொன்றை எழுதிவைத்து, படம் விரிந்தபின் அது உயிரோடிருக்கிறதா என்று பிரிண்ட் போட்டுப் பார்ப்பதே இவ்வியாதிக்கு நாடி பார்க்கும் முறை.

இக்குறை ஏன் வெகுகாலம் ஒளிந்திருக்கிறது? சோதிப்போர் பலரும் திரையின் அளவான 320க்கு 240 படத்தையே கையிலெடுக்கின்றனர். அவ்விரு எண்களும் பதினாறின் மடங்குகள்! (யோக்கியமான படத்தைக் கொண்டு சோதனை செய்பவன் சோதனையைச் சோதிப்பதில்லை.)

பரிகாரம் எளிது: அகலம், உயரம் ஒவ்வொன்றோடும் பதினைந்தைக் கூட்டி, பதினாறால் வகுத்து, மீதியைத் தள்ளி, மீண்டும் பதினாறால் பெருக்குக. அதற்கும் ஆட்சேபம் உண்டு. ஜேபெக் தலைப்பு 65,535 வரை அளவு சொல்ல இடந்தருவதால், பிக்சலுக்கு நான்கு பைட் என்று வைத்து 32 பிட் எண்ணில் பெருக்குவோரிடம் 32,768க்கு 32,768 படம் வந்தால், விடை பூஜ்யமாகிறது; இடமே வேண்டாத அப்படத்தைச் சோதனை முகமலர்ந்து உள்ளே விடுகிறது. 64 பிட்டில் பெருக்குக என்பர் ஒருசாரார். பெருக்காமல் வகுத்துப் பார்க்க என்பர் மறுசாரார். திரையே 320க்கு 240 ஆயிருக்க, அகலத்தையும் உயரத்தையும் பெருக்குமுன்பே தனித்தனி வரம்பில் நிறுத்திவிட்டால், இவ்விருவருக்கும் விவாதிக்க விஷயமிராது என்பது நமது அபிப்பிராயம்.