சொப்பன சுந்தரிக்கு ரேஷன் கார்டு

சினிமா பார்த்தோமா, வந்தோமா என்று இருக்கிற பழக்கம் உத்திரமேரூர்ப் பக்கம் எங்களுக்குக் கிடையாது. வில்லன் செத்த பிறகு அவன் நிலத்தில் யார் பயிர் வைத்தார்கள், கதாநாயகி ஊரை விட்டு ஓடினாளே, அவள் எழுத வேண்டிய பரீட்சை என்ன ஆயிற்று என்பதெல்லாம் தீராமல் தூக்கம் வராது. இதில் தீராத பெரிய வழக்கு 1989-இல் கங்கை அமரன் எடுத்த 'கரகாட்டக்காரன்'. வாழைப்பழத்தைச் சொல்லவில்லை, பழம் செந்தில் வயிற்றில் இருப்பது ஊருக்கே தெரியும். நான் சொல்வது சொப்பன சுந்தரியை. அந்த ஓட்டைக் காரின் பழைய சொந்தக்காரி. படத்தில் ஒரு நொடிகூட முகம் காட்டாதவள். காரை நாம் வைத்திருக்கிறோம், அவளை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்ற விசாரணைக்குக் கவுண்டமணி பொங்கினாரே தவிர, பதில் வரவில்லை.

அந்தப் பதிலை நான் எழுத உட்கார்ந்தேன். என் கதையில் சுந்தரியை யாரும் வைத்திருக்கவில்லை. பெட்ரோல் போட்டு மாளாமல் காரை விற்று, அந்தக் காசில் உத்திரமேரூரில் மாவு மில் வைத்துக் கௌரவமாக இருக்கிறாள். முதல் அத்தியாயத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மில்லு வாடகையா, சொந்தமா?"

"சொந்தம், அத்தை."

"கரண்டு பில்லு யார் பேர்ல வருது? ரேஷன் கார்டு இந்த ஊர்லயே கீதா? காரு வெச்சிருந்தவடா அவ, அரைப்படி அரிசி அரைக்க வர்றவங்களுக்குச் சில்லறை குடுப்பாளா?"

எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னை இப்படிக் குடைந்ததில்லை.

அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து வளர்ந்தவள். வியாசர் விட்ட இடத்தையெல்லாம் அடைத்தவர்கள் நம் ஆட்கள். அம்மனுக்குக் காவல் நிற்கும் போர்மன்னனையும் முத்தால் ராவுத்தனையும் வியாசருக்குத் தெரியவே தெரியாது. அர்ஜுனன் தீர்த்த யாத்திரை போனான் என்று அவர் எழுதினால், போனவன் சும்மாவா திரும்பியிருப்பான் என்று மதுரையில் அல்லியையும், போதாதென்று பவளக்கொடியையும் கட்டிவைத்துவிட்டார்கள். அந்தப் பவளக்கொடிதான் 1934-இல் சினிமாவாகி எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தாள். வியாசர் வழக்குப் போடவில்லை.

சினிமாக்காரர்களுக்கும் இந்த அரிப்பு உண்டு. 'விண்ணைத்தாண்டி வருவாயா' வந்து பத்து வருஷம் கழித்து, ஊரடங்கில் கௌதம் மேனன் கார்த்திக்கை ஜெஸ்ஸிக்கு மறுபடி போன் போடவைத்தார். கங்கை அமரனின் மகன் வெங்கட் பிரபு, அப்பா வைத்த பாக்கியைத் தீர்ப்பதுபோல, 2016-இல் 'சென்னை 28' இரண்டாம் பாகத்தில் சொப்பன சுந்தரி என்று ஒருத்தியை ஆடவிட்டார். 2023-இல் அந்தப் பெயரில் முழுப் படமே வந்தது. ஊர் ஒப்புக்கொண்டதா? "அது வேற சுந்தரி" என்று டீக்கடையில் ஒரே வார்த்தையில் தள்ளுபடி. என் கட்சியும் அதுதான். அவளுக்கு முகம் கொடுக்கிறவன் தோற்றான். என் கதையில் மில்லுக்குள் எப்போதும் மாவு பறந்துகொண்டே இருக்கும். வளையல் கை மட்டும் வெளியே வந்து காசு வாங்கும்.

இவ்வளவு யோசித்து எழுதியதை அத்தை இப்போது ஓரங்கட்டிவிட்டாள். காரணம், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-இல் குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதி, இரண்டே வருஷத்தில் 921-இல் திருத்தி எழுதிய கல்வெட்டு. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? சித்தி, பெரியம்மா, அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மருமகன், தங்கையைக் கட்டிய மச்சான் வரை யாரும் கூடாது. ஊரின் முப்பது குடும்புக்கும், அதாவது வார்டுக்கும், விதி சொன்ன சுவர், இத்தனைக்கும் காரணமான புண்ணியவான் பெயரைச் சொல்லவில்லை. இதை விடப் பெரிய ஓட்டை எந்தப் படத்தில் இருக்கிறது?

அத்தைக்குக் கணக்கை விழுங்கியவன்மேல் அக்கறையே இல்லை. "மச்சான் இன்னா பண்ணான், பாவம்? அவன் தங்கச்சியக் கட்னது ஒரு குத்தமா?"

சுந்தரி மில்லை மூடிவிட்டு மச்சானைத் தொடங்கியிருக்கிறேன். மாமனார் வீட்டு விருந்தில் ஆரம்பம். மகனும் மாப்பிள்ளையும் பந்தியில் உட்கார்கிறார்கள் என்று படித்ததுமே அத்தை கை நீட்டி நிறுத்தினாள்.

"இரு. மாமியாக்காரி யாருக்கு மொதல்ல எலை போட்டா?"