இஸ்தோப்பு வரை ஒரு சுற்றுலா

எங்கள் ஊருக்குக் கடல் தாண்டி வந்தவர்களில் மூத்தவர் அனுமார். இராமர் படை கூடிய இடம் என்பதால்தான் இறம்பொடை என்று பெயர் வந்ததாம். அனுமார் இன்றும் சின்மயா மிஷன் கட்டிய கோயிலில் நின்றபடி இருக்கிறார். அவருக்குப் பின்னால் வேன் வேனாக வருகிறார்கள். 109 மீற்றர் உயர அருவியை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறார்கள், தேயிலை வாங்குகிறார்கள், “சொர்க்கம்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சொர்க்கத்தில் குடியிருக்கும் என் பிள்ளைகளுக்கோ ஒரே ஆசை. கடல் பார்க்க வேண்டும்.

“எல்லாரும் இங்க வாறாங்க. நாம மட்டும் ஏம்ப்பா எங்கயும் போறதில்ல?” என்று பள்ளிக்கூட லீவு விட்ட அன்றே சின்னவன் கேட்டான்.

நான் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். ஊர் முழுக்க யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது எனக்குத் தெரியும். என் சம்பளம் எங்கே போகிறது என்பது மட்டும் தெரியாது. திருகோணமலை போய்வர வேன்காரர் ஒரு தொகை சொன்னார். “வேனை விலைக்குத் தர்றீங்களா, வாடகைக்கா?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. டீசல் தனி என்றார்.

அன்று இரவு தூக்கம் வராமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் பரணில் இருந்த டிரங்குப் பெட்டி கண்ணில் பட்டது.

அது தாத்தாவின் பெட்டி. தாத்தா துரை பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது துரை சீமைக்குப் புறப்பட்டார். இத்தனை வருசம் பொங்கிப்போட்டதற்கு நன்றியாக, தன் பிள்ளைகள் விளையாடிச் சலித்த சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தா அவற்றை இந்தப் பெட்டியில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தீபாவளிக்குத் தீபாவளி பெட்டியைத் திறந்து காட்டுவார். நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்போம். “தொடாதே” என்பதுதான் அந்தப் பெட்டியின் மந்திரம்.

உள்ளே இருந்தவை இவை: சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கோச்சி, ஒரு சிவப்பு இரட்டைத்தட்டு மெச்பொக்ஸ் பஸ். லண்டன் லெஸ்னி கம்பெனியின் கூட்டாளி ஒருவர், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்ற விதிக்காக மகளுக்குச் செய்து கொடுத்ததில் பிறந்த இனம் அது. கோச்சியும் பஸ்ஸும் துரை வீட்டுச் சொத்து. மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போனபோது வாங்கிய டக்டக் படகு ஒன்று. கடைசியில், நானே செய்த டின்மீன் கார். டின்மீன் டப்பா, நாலு சோடா மூடி, இரண்டு குடைக்கம்பி.

பஸ், கோச்சி, கப்பல். சுற்றுலாவுக்கு வேறென்ன வேண்டும்? இறம்பொடையிலிருந்து கடல் வரை இஸ்தோப்பிலேயே, அதாவது வீட்டு முன் விறாந்தையிலேயே, போய்வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை அறிவித்தேன்.

முதல் கட்டம் பஸ். எங்கள் ஊர்ச் சுரங்கப்பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். 2008இல் திறந்த உண்மையான சுரங்கம் 225 மீற்றர். எங்களுடையது 400 கிராம், அடி வெட்டிய, நசுங்கிய பால்மா டின். சிவப்பு பஸ் பாதியில் மாட்டிக்கொண்டது. “மேல்தட்டுல இருக்கவங்க குனியணும்” என்று சின்னவன் யோசனை சொன்னான். இழுத்து எடுப்பதற்குள் லண்டன் பெயின்ட்டில் கொஞ்சம் டின்னோடு போய்விட்டது. “யாரும் தொடாதீங்க!” என்றேன். தொட்டவன் நான்தான்.

நானுஓயாவில் கோச்சி ஏறினோம். தண்டவாளத் துண்டுகளில் பாதியைக் காணோம். தோளிலிருந்த துண்டை எடுத்து வளைத்துப் போட்டேன். தெமோதரை வளைவுக்கு அது பொருத்தமும்கூட. அங்கே பாதை மலையைச் சுற்றிக்கொண்டு, தான் கடந்த ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றுவதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதை உணர்ச்சியோடு விளக்கிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, தெமோதரை பதுளைப் பக்கம். அந்தப் பாதையில கடலே இல்ல” என்றாள் மூத்தவள். ஏழாம் வகுப்பில் புவியியலைச் சொல்லிக்கொடுத்துக் கெடுக்கிறார்கள்.

“கடல் எங்கயும் ஓடிப்போகாது” என்று சொல்லிச் சாவியை இன்னும் இரண்டு சுற்றுத் திருகினேன். கோச்சி துண்டைத் தாண்டிப் பாய்ந்து அலுமாரிக்கு அடியில் போய் நின்றது. இன்னும் அங்கேதான் நிற்கிறது.

மிச்சம் கப்பல். அடுப்படியிலிருந்து பேசனைக் கொண்டுவந்து தண்ணீர் நிரப்பி, உப்பும் ஒரு பிடி போட்டேன். கடல் என்றால் கரிக்க வேண்டாமா? டக்டக் படகு லேசுப்பட்டதில்லை. தோமஸ் பியோ என்பவர் 1891இலேயே பிரித்தானியாவில் காப்புரிமை வாங்கிய இயந்திரம். வயிற்றில் ஒரு சின்னக் கொதிகலன், பின்னால் குழாய், அடியில் மெழுகுவர்த்தி. தண்ணீர் ஆவியாகிக் குழாயிலுள்ள நீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் நீரை உள்ளே இழுக்கும். தள்ளும்போது நீர் ஒரே திசையில் பாய்கிறது, இழுக்கும்போது நாலா பக்கமிருந்தும் வருகிறது. அதனால்தான் படகு முன்னால் போகிறது. இதை நான் சொல்லி முடிக்கவும் மெழுகுவர்த்தி தீரவும் சரியாக இருந்தது.

இரண்டாவது மெழுகுவர்த்தியைப் பேசாமல் ஏற்றினேன். சற்று நேரத்தில் ‘டக்’ என்றது. பிறகு ‘டக்டக்டக்’ என்று ஓயாமல் அடித்துக்கொண்டு படகு கிளம்பியது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவர்களைவிட நான் அகலமாகப் பிளந்திருந்தேன். ஐம்பது வயதில் தகரப் படகைப் பார்த்துக் கண் கலங்கியதற்கு மெழுகுவர்த்திப் புகைதான் காரணம்.

சின்னவன் ஆசையாக ஒரு விரலை நீட்டினான்.

“தொடாதே!” தாத்தாவின் குரல் என் வாயிலிருந்து வந்தது. கத்திக்கொண்டே எழுந்தவனின் முழங்கால் பேசனில் பட்டது. நாங்கள் கடலுக்குப் போகவில்லை. கடல் எங்களைத் தேடி வந்தது. இஸ்தோப்பைக் கடந்து, வாசற்படி தாண்டி, அடுப்படியில் ரொட்டிக்குப் பிசைவதற்காகத் தாளில் கொட்டி வைத்திருந்த கோதுமை மா வரைக்கும் போய் நின்றது.

நான் துணியைத் தேடி ஓட, சின்னவன் டின்மீன் காரை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டான். அது சேற்றையும் தண்ணீரையும் வாரி அடித்துக்கொண்டு ஜோராகப் போனது. மூத்தவளும் பின்னால் ஓடினாள். அன்றைய சுற்றுலாவில் பயணிகள் சிரித்தது அப்போதுதான். பெட்டியில் இருந்தவற்றில் யாரும் என்னிடம் “தொடாதே” என்று சொல்லாத சாமானும் அது ஒன்றுதான்.

என் மனைவி மாவைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். கொழுந்தெடுத்த கைக்காரி. நிறுவையில் குறித்த கிலோ வராவிட்டால் செக்ரோலில் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“காலையிலருந்து பாடுபட்டீங்க, இல்லங்கல. ஆனா இன்னிக்கு உங்களுக்கு அரைப்பேர்தான்” என்றாள்.

எத்தனையோ பேருக்கு இந்தக் கையால் அரைப்பேர் போட்டிருக்கிறேன். எனக்கு விழுந்தது அதுதான் முதல் தடவை. நிறுவையில் பிழை இல்லை.