உப்புக்கு வௌக்கம் சொல்ற பேராண்டிக்கு

வாடா பேராண்டி. சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்காம வேதசாஸ்திரம் படிச்சிக்கினு கீறே. நல்ல காரியம், நான் குறுக்க நிக்கல. ஆனா நேத்து ஆயா "கொழம்புல உப்பு போதுமாடா"ன்னு கேட்டா, "மலைப்பிரசங்கத்துல வர்ற உப்புக்குக் கிரேக்க மூலத்துல"ன்னு ஆரம்பிச்சியே! நீ முடிக்கறதுக்குள்ள எறா கொழம்பு ஆறிப்போச்சு. அவ கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

கும்மிடிப்பூண்டிலருந்து பழவேற்காடு எவ்ளோ தூரம்? அங்க டச்சுக்காரன் கோட்டையில ஆபிரகாம் ரோகெரியஸ்னு ஒரு பாதிரியாரு இருந்தாரு. 1632லருந்து பத்து வருஷம். போதிக்க வந்த மனுஷன், உக்காந்து கேள்வி கேட்டாரு. யாரை? பத்மநாபன்னு ஒரு ஐயரை. இவரு பாஷை அவருக்குத் தெரியாது, அவரு பாஷை இவருக்குப் பத்தாது. நடுவுல போர்த்துகீசு பேசி ஒப்பேத்தினாங்க. கேட்டதெல்லாம் எழுதி வெச்சாரு. அவரு கண்ணை மூடினப்புறம்தான், 1651ல, லெய்டன்ல புஸ்தகமா வந்துச்சு. மறைஞ்சு கெடந்த அஞ்ஞானத்துக்குத் தொறந்த கதவுன்ற மாதிரி ஒரு பேரு. நாம எங்கடா மறைஞ்சு கெடந்தோம்? திண்ணையிலதானே கெடந்தோம்!

பேரு கோணலா இருந்தாலும் சரக்கு நயம். பர்த்ருஹரி சுலோகத்தை டச்சுல போட்டிருந்தாரு. சமஸ்கிருத இலக்கியத்துலருந்து ஐரோப்பாவுக்கு மொதல்ல கப்பலேறினது அதுதான்னு சொல்றாங்க. அதுலயும் பாரு, நீதி போச்சு, வைராக்கியம் போச்சு, சிருங்காரம் மட்டும் போகல. ஏன்னு நீ நூறு பக்கத்துக்கு ஆராய்ச்சி எழுதுவே. என் கணக்கு வேற: ஐயரு வூட்லயும் ஒரு ஆயா இருந்திருப்பா, காதைத் தீட்டிக்கினு.

எதிர்ல இருக்கறவன் எதைச் சொன்னான், எதை முழுங்கினான்னு பாக்கணும்டா. பவுலு நிருபம் படிக்கறப்பவும் அதேதான். கொரிந்து சபைக்காரங்க அவருக்கு எழுதின கடுதாசி நம்ம கையில இல்ல, அவரு போட்ட பதிலு மட்டும்தான் கீது. பாதிப் பேச்சைக் கேட்டுக்கினு முழு வௌக்கம் சொல்றோம். கொஞ்சம் அடக்கி வாசி.

ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் பழவேற்காடு போ. டச்சுக்காரன் கல்லறை வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்கான், பாத்துட்டு வா. வர்றப்போ அரை கிலோ எறா வாங்கினு வா. ஆயா மறுபடியும் உப்பு கேட்டா, போதும், போதல, ரெண்டுல ஒண்ணு சொல்லு.