டக் டக் ஜீப்

கேள்வி: என் பழைய ஜீப்பின் பின் அச்சில் தானாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் போட்டேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போய்வர அதுதான் வாகனம். ஒழுங்கைகளில் திரும்பும்போது ‘டக் டக்’ என்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, அதன் தொழிலே அதுதான். திருப்பத்தில் வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும். இந்தத் தகராறைத் தீர்க்கத்தான் பிரான்ஸின் பெக்கர் 1827இல் டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை வாங்கினார். நீங்கள் காசு கொடுத்து அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்திருக்கிறீர்கள்! நீங்கள் போட்ட தானாகப் பூட்டும் டிஃபரன்ஷியல், அதாவது லொக்கர், இரண்டு சில்லுகளையும் பிணைத்தே வைக்கும். வெளிச்சில்லு வேகமெடுத்தால் மட்டும் பற்கள் விட்டுக்கொடுக்கும். அந்த முனகல்தான் ‘டக் டக்’. திருப்பத்தில் அக்சலேட்டரை மிதித்தால் அந்த விட்டுக்கொடுப்பும் இல்லை: டயர் கீச்சிடும், தேயும், காலி வீதியே திரும்பிப் பார்க்கும். ஐப்பசி மழையில் மிதித்தால் பின்சில்லு இரண்டும் சேர்ந்து வழுக்கும். ஜீப்பின் வால் கடலைப் பார்க்கும், நீங்கள் பொலிஸைப் பார்ப்பீர்கள். சேற்றில் மட்டும் அது தெய்வம். ஒரு சில்லு அந்தரத்தில் சுழன்றாலும் மற்றது இழுத்துவிடும். கொட்டாஞ்சேனையில் அவ்வளவு சேற்றுக்கு எங்கே போவீர்கள்? திருப்பத்தில் அக்சலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே காற்றில் இருக்கட்டும். பெருமழை நாளில் பஸ் நல்லது.