படகு ஜாதகம்: ஒரு முன்னோட்ட ஆய்வு

வெளிநாட்டில் ஓடிய பழைய உல்லாசப் படகை வாங்கித் தன் நாட்டுக் கொடிக்கு மாற்றுவது வரிச் சட்டத்தையும் கடல் சட்டத்தையும் சேர்ந்த விஷயம் என்று அறிஞர்கள் இதுவரை எழுதி வந்திருக்கிறார்கள். அது சோதிடத்தின் ஒரு கிளை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பாய் கிழிந்திருக்கிறதா, எஞ்சின் இருமுகிறதா என்று வரி அதிகாரி கேட்பதில்லை. பிறந்த ஊர் எது, பிறந்த வருஷம் எது, இன்ன தேதி நள்ளிரவில் எந்தத் துறையில் கட்டிக் கிடந்தது என்றுதான் கேட்கிறார். நம் ஊரில் இந்த வரிசையில் கேள்வி கேட்பவர் யார் என்பது வாசகருக்குத் தெரியும்.

முதலில் பிறப்புக் குறிப்பு. 1998க்குப் பிறகு ஐரோப்பியச் சந்தைக்கு வந்த உல்லாசப் படகுகளின் பின்பக்கத்தில், வலது ஓரமாக, எழுத்தும் எண்ணும் கலந்த 14 இடக் குறி ஒன்று பொறித்திருக்கும். நாடு, கட்டியவர், வரிசை எண், ஆண்டு எல்லாம் அதில் உண்டு. பிறந்த மாதத்துக்கென்றே ஓர் எழுத்து: ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல். நட்சத்திரத்துக்கு இடம் விடவில்லை. அடுத்த திருத்தத்தில் கவனிப்பார்கள் என்று நம்புவோம்.

ஆனால் பலனைத் தீர்மானிப்பது கோசாரம். ஐரோப்பியப் படகுகளுக்கு மூன்று பெயர்ச்சிகள் முக்கியமானவை.

முதலாவது 31-12-1992. மறுநாள் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் அன்றைய உறுப்பு நாடுகள் ஒரே சந்தையாயின. 1985 ஜனவரி 1க்கு முன்பே புழக்கத்துக்கு வந்து, அந்த நள்ளிரவில் ஒன்றிய எல்லைக்குள் இருந்த படகுக்கு மதிப்புக் கூட்டு வரி கட்டியாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். உண்மையில் யாராவது கட்டினார்களா என்ற ஆராய்ச்சி வேண்டாம். 1995இல் சேர்ந்த ஸ்வீடன், பின்லாந்து, ஆஸ்திரியா நாடுகளுக்கு இதே கணக்கு இரண்டு வருஷம் தள்ளி: 1987, 1994. எனவே ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு படகுகளில் ஒன்று யோகக்காரனாகவும் மற்றது கடன்காரனாகவும் வாழ்ந்து வருவது சாத்தியம். சாட்சி என்ன? அந்த ராத்திரி படகைக் கட்டி வைத்ததற்கு ஏதோ ஒரு துறை கொடுத்த ரசீது. முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்தத் துண்டுச் சீட்டை ஒருவர் எஞ்சினை விடப் பத்திரமாகப் பாதுகாத்தால் அவரைக் கஞ்சன் என்று எண்ணிவிடக் கூடாது. அது ஜாதகக் கட்டு.

இரண்டாவது 16-6-1998. அன்றிலிருந்து 2.5 மீட்டர் முதல் 24 மீட்டர் வரையிலான உல்லாசப் படகுகளுக்கு, ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியவை என்று காட்டும் சி.இ. முத்திரை கட்டாயம். அதற்கு முன்பே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் வந்துவிட்டவை பிழைத்தன. அமெரிக்காவிலிருந்து இன்று வருவது பழைய படகானாலும், முத்திரை இல்லையென்றால், கட்டி முடித்த பின் செய்யும் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். பரிகாரச் செலவு ஆயிரக்கணக்கான யூரோ.

மூன்றாவதுதான் நம் ஆய்வுக்கு உயிர்: 31-12-2020, லண்டன் நேரம் இரவு 11 மணி. பிரஸ்ஸல்ஸில் அது நள்ளிரவு. பிரெக்சிட் இடைக்காலம் முடிந்த அந்தக் கணத்தில் பிரிட்டனில் நின்ற படகு பிரிட்டிஷ் சரக்கானது. ஒன்றியத்தில் நின்றது ஒன்றியச் சரக்கானது. உரிமையாளர் எந்த ஊர்க்காரர் என்பதை யாரும் பார்க்கவில்லை. வட அயர்லாந்தில் நின்றவற்றுக்கு மட்டும் இரண்டு நிலையும் சேர்ந்தே கிடைத்தன. லக்னத்திலேயே குரு இருந்தவை என்று அவற்றைத் தனியே வகைப்படுத்தலாம்.

இப்போது மாதிரி ஜாதகம் ஒன்று. நெதர்லாந்தில் 1984இல் கட்டிய, 10 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு. அந்த நாட்டை விட்டு வெளியே போனதே இல்லை. ஒரு பிரிட்டன்வாசி அதை 30,000 பவுண்டுக்கு வாங்குகிறார். ஒன்றியக் கணக்கில் ஜாதகம் சுத்தம். 1985க்கு முந்தியது, 1992இல் உள்ளே இருந்தது, வரி பாக்கி கிடையாது. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதும் இறக்குமதிக்கான மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம், அதாவது 6,000 பவுண்டு. திருக்கணிதப்படி என்றைக்கோ விலகிய சனி வாக்கியப் பஞ்சாங்கப்படி இன்னும் அதே வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், கப்பம் கேட்கிறான். பிரிட்டிஷ் படகை டச்சுக்காரர் வாங்கி எடுத்துப் போனால் அங்கே 21 சதவீதம். இந்த ஆய்வாளரின் தாழ்மையான கருத்தில் இது பகல் கொள்ளை. ஆனால் அப்படிச் சொல்ல ஆய்வு நெறி இடம் தராததால் ‘இருமுறை வரிவிதிப்பு நிகழ்வு’ என்று குறித்துக்கொள்கிறேன்.

ஸ்பெயினில் குடியிருப்பவர் நிலை தனி ரகம். படகு 8 மீட்டரைத் தாண்டினால் 12 சதவீதப் பதிவு வரி உண்டு. எட்டு என்ற எண்ணை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை அஷ்டமச் சனி அறிந்த தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

வரி தீர்ந்ததும் கோத்திரம் மாற வேண்டும். பழைய நாட்டுப் பதிவிலிருந்து பெயரை நீக்கிய சான்று வந்தாக வேண்டும். ஒரு படகுக்கு இரண்டு கொடி ஆகாது. டச்சு நிலப் பதிவகத்தில் உல்லாசப் படகைப் பதிவது உரிமையாளர் விருப்பம். ஆனால் ஒருமுறை பதிந்துவிட்டால் படகின் உடம்பிலேயே எண் பொறித்துவிடுவார்கள். பிறகு கைமாற நோட்டரி பத்திரம் வேண்டும்.

பிரிட்டனில் வழி இரண்டு. 1983இல் தொடங்கிய சிறு கப்பல் பதிவேடு ஏழைகளுக்கானது, அதாவது படகு வைத்திருக்கும் ஏழைகளுக்கு. 24 மீட்டருக்குக் குறைந்த படகு, வருஷத்தில் 185 நாள் உள்நாட்டு வாசம், சொற்பக் கட்டணம். ஐந்து வருஷத்துக்குச் சான்று கிடைக்கும். படகை யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆகவே அந்தச் சான்று உரிமைக்கு ஆதாரமும் ஆகாது, வில்லங்கமும் காட்டாது. படகின் மேல் அடமானம் இருந்தால் அது வாங்கியவர் தலையில்தான் விடியும்.

இரண்டாவது வழியான ‘முதல் பகுதி’ப் பதிவேடு பெரிய இடம். ஐந்து வருஷத்துக்கான கிரயப் பத்திரங்கள் கோர்வையாக வேண்டும். அளவையாளர் வந்து ‘டன்’ கணக்கெடுப்பார். டன் என்றதும் தராசைத் தேடக் கூடாது, அது கொள்ளளவு. பிறகு படகின் உடைமை 64 பங்குகளாகப் பிரியும். ஏன் 64? ஒன்றைப் பாதிபாதியாக ஆறு தடவை வெட்டினால் வரும் எண் என்பது எளிய விளக்கம். ஆய கலைகளும் அத்தனையே என்பதைப் பதிவு செய்யாமல் விட இந்த ஆய்வாளருக்கு மனம் வரவில்லை. கடைசியாக அதிகாரபூர்வ எண்ணை முதன்மை உத்திரத்தில் செதுக்கி, செதுக்கியதற்குச் சான்று வாங்கி கார்டிஃபில் உள்ள கப்பல் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். கண்ணாடியிழைப் படகில் உத்திரம் ஏது? ஒரு தகட்டில் பொறித்துப் பெயர்க்க முடியாதபடி ஒட்டி வைக்கிறார்கள்.

படகின் வானொலிக்கும் ஜாதகம் உண்டு. அதன் ஒன்பது இலக்க அடையாள எண்ணில் முதல் மூன்று நாட்டைச் சொல்லும்: நெதர்லாந்துக்கு 244 முதல் 246, பிரிட்டனுக்கு 232 முதல் 235. கொடி மாறினால் எண் மாறும், ஆபத்தில் சமிக்ஞை அனுப்பும் அவசர மிதவையின் குறியீடும் மாறும். பிரிட்டனில் இதற்கான உரிமம் இணையத்தில் இலவசம். ஆனால் பல கருவிகள் எண்ணை ஒரு தடவைதான் ஏற்கும். இரண்டாவது எண்ணை ஏற்றக் கடைக்காரரிடம் அனுப்ப வேண்டும், அவர் இலவசமாகச் செய்ய மாட்டார்.

மிஞ்சியது நாமகரணம். முதல் பகுதியில் உரிமையாளர் ஒரு துறைமுகத்தைப் பூர்வீகமாகத் தேர்ந்துகொள்கிறார். படகு அங்கே ஒருநாளும் போக வேண்டாம். அதே துறைமுகத்தின் பேரில் அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் மட்டும் தகராறு. கார்டிஃப் சம்மதித்த பிறகும் ஓர் அலுவலகம் பாக்கி இருக்கிறது. கடல் தெய்வம் பொசைடனின் பதிவேட்டில் எல்லாப் படகின் பெயரும் ஏறியிருக்கிறது, பழைய பெயரை நீக்காமல் புதிதைச் சூட்டினால் ஆபத்து என்பது மாலுமிகள் நம்பிக்கை. பழைய பெயரைப் பின்பக்கத்தில், மிதவையில், சாவிக்கொத்தில் எங்கும் மிச்சமில்லாமல் அழித்துவிட்டுக் கடலில் கொஞ்சம் ஷாம்பெயின் ஊற்றுகிறார்கள். விண்ணப்பப் படிவம் கிடையாது. 1992இல் எங்கே இருந்தாய் என்ற கேள்வியும் கிடையாது. இந்த ஆய்வில் பார்த்த அலுவலகங்களில் அன்றைக்கே கோப்பை முடித்துத் தருவது இது ஒன்றுதான். ரசீது மட்டும் தருவதில்லை.