ஊருக்குள் வராதே!

கேள்வி: ஜாலான் வோங் ஆ ஃபூக் பக்கம் கடை வைத்திருக்கிறேன். அதே நாலு பேர்தான் தொல்லை தருகிறார்கள். பிடிபடுகிறார்கள், அபராதம் கட்டுகிறார்கள், மறுவாரம் என் கடை வாசலிலேயே நிற்கிறார்கள். இவர்கள் நகருக்குள் கால் வைக்கக் கூடாது என்று மாநகர் மன்றம் ஏன் விதி போடக் கூடாது?
(வணிகர், ஜொகூர் பாரு)

பதில்: ஆத்திரம் நியாயம்; கதவுதான் மாறிவிட்டது. மாநகர் மன்றத்தின் கை எவ்வளவு நீளம் என்பதை 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அளந்து வைத்திருக்கிறது. அதன் துணைவிதியை மீறினால் அதிகபட்சம் 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். கடை உரிமம், குப்பை, ஐந்தடி நடைபாதையை மறித்துப் போட்ட மேசை எல்லாம் அதற்குள் அடங்கும். ஆளையே ஊரைவிட்டு விலக்கி வைப்பது அடங்காது. குற்றவியல் சட்டம் கூட்டரசின் கையில் இருக்கிறது. குடிமகன் நாடெங்கும் நடமாடலாம் என்று அரசமைப்பின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், குற்றத்துக்குத் தண்டனை ஆகியவற்றுக்கான சட்டம்தான் அதில் கை வைக்க முடியும்.

கேள்வி: அமெரிக்க நகரங்களில் போடுகிறார்களே?
(கல்லூரி மாணவர், ஸ்கூடாய்)

பதில்: போட்டார்கள், கைவிட்டார்கள், மறுபடி போடுகிறார்கள். போர்ட்லாந்து 1992-இல் தொடங்கி 2007-இல் விட்டது. விதி கறுப்பினத்தவர் மேலேயே அதிகம் பாய்ந்தது தெரியவந்தது. சியாட்டில் 2024-இல் மீண்டும் எடுத்திருக்கிறது.

சின்சினாட்டி வழக்கைப் படித்துப் பாருங்கள். போதைப்பொருள் வழக்கில் கைதானாலே 90 நாள், தண்டனை பெற்றால் ஓராண்டு, குறிப்பிட்ட வட்டாரத்தின் தெருவில் நடக்கத் தடை. ஒரு பாட்டி அங்கே இருந்த பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் வந்தவர். கைதானார், அவர் மேல் வழக்கே நிற்கவில்லை, ஆனாலும் தடை நீங்கவில்லை. வீடில்லாத இன்னொருவரின் வழக்கறிஞர் அலுவலகமே தடை வட்டாரத்துக்குள் இருந்தது. தன் வழக்கைப் பேசக்கூட அவர் அங்கே போக முடியவில்லை. 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. சரியான தீர்ப்பு.

கேள்வி: நம் நாட்டிலும் 'புவாங் டாயிரா' இருந்ததே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், குளுவாங்)

பதில்: இருந்தது. 1933-இல் வந்த வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. ஆளைச் சொந்த ஊரிலிருந்து பெயர்த்து வேறோர் ஊரில் வைப்பார்கள். நீதிமன்ற விசாரணை கிடையாது. அமைச்சரின் ஆணை போதும். நாடாளுமன்றம் 2011-இல் அதை ரத்து செய்தது.

ஆனால் 'போக்கா' என்னும் 1959-ஆம் ஆண்டுக் குற்றத்தடுப்புச் சட்டம் 2014-இல் புதுப் பலத்தோடு திரும்பியது. அதன்படி ஒரு வாரியம், விசாரணையின்றி ஒருவரை ஈராண்டு தடுத்து வைக்கலாம். அல்லது ஐந்தாண்டு வரை போலீஸ் கண்காணிப்பில் வைக்கலாம்: இந்த மாவட்டத்தைத் தாண்டாதே, இருட்டினால் வெளியே வராதே, இந்த இடத்துக்குப் போகாதே என்று. கணுக்காலில் மின்னணுக் கருவியும் கட்டலாம். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்றது. ஆகவே இந்தச் சட்டத்தைப் பற்றி நாம்தான் முதலில் பேச வேண்டும். குற்றம் செய்திருந்தால் நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், நிரூபியுங்கள், தண்டியுங்கள். அந்த வரிசை மாறக் கூடாது.

கேள்வி: தொல்லை தருபவனை விரட்டினால் ஊர் அடங்கும்தானே?
(பாசிர் கூடாங்)

பதில்: 1941-இல் கிள்ளானில் அடங்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன், ஆங்கிலேயருக்குத் தொல்லை தந்தவர். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குத் தமிழ் ஆசிரியர் வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பவை அன்றைய கோரிக்கைகளில் சில. மே மாதம் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். கடை வாசலில் தொல்லை தருபவனை நாதனோடு நான் சேர்க்கவில்லை. விசாரணையில்லாமல் விரட்டும் அதிகாரத்துக்கு இருவரும் ஒன்றுதான், அதனால்தான் அஞ்சுகிறேன்.

கேள்வி: சரி, வேறு வழி?
(மாசாய்)

பதில்: விரட்டாமல் வேலை வாங்கலாம். 2026 ஜனவரி 1 முதல் ஜொகூரில் பொது இடத்தில் குப்பை போட்டால் 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை சமூகச் சேவை செய்யச் சொல்லியும் நீதிமன்றம் ஆணையிடலாம். அழுக்காக்கியவன் அதே ஊரைக் கூட்டுகிறான். சின்னக் குற்றங்களுக்கு இந்த வழியை இன்னும் விரிக்க வேண்டும் என்பது என் கட்சி. வன்முறையாளர் விஷயம் வேறு. பாதிக்கப்பட்டவர் வீட்டுப் பக்கமோ கடைப் பக்கமோ போகாதே என்று நீதிபதி, காரணம் எழுதி, முடியும் தேதி குறித்துத் தடை போட்டால் முழு மனதோடு ஆதரிப்பேன்.

கேள்வி: மகன் சிறையிலிருந்து வந்து எட்டு மாதமாகிறது. எங்கே போனாலும் பழைய வழக்கைக் கேட்கிறார்கள், வேலை இல்லை என்கிறார்கள். பழைய கூட்டாளிகள் மட்டும் தினமும் கூப்பிடுகிறார்கள்.
(ஒரு தாய், சிம்பாங் ரெங்கம்)

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, மற்ற வாசகர்களிடம் இருக்கிறது. பட்டறை, உணவகம், லாரி வைத்திருப்பவர்களே, இப்படி ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம் வேலை கொடுத்துப் பாருங்கள். கொடுக்க மனமிருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். கடிதத்தை அந்தத் தாயிடம் சேர்க்கிறோம்.