இழுக்கிற வண்டிக்கு என்ன விலை?

ஒஹையோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் டிராக்டரை விற்கப் போகிறார். என்ன விலை சொல்லலாம் என்று என்னிடம் வந்து கேட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு எல்லாக் கணக்கும் வரும் என்ற மூடநம்பிக்கை அமெரிக்காவிலும் இருக்கிறது.

வண்டி, ஃபார்மால் எம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1939 முதல் 1952 வரை செய்த சிவப்பு டிராக்டர். இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியதால், அபூர்வப் பொருள் என்று யாரையும் ஏமாற்ற முடியாது. பிறந்தபோது அதன் சக்தி நாற்பது குதிரைக்குச் சற்றுக் குறைவு. இப்போது எவ்வளவு என்று கேட்டால் பெரியவர் சிரிக்கிறார். போட்டி நடுவர் காதில் விழுந்துவிடுமாம்.

அவர் இந்த டிராக்டரை ஓட்டுவது இழுவைப் போட்டியில். போட்டி இதுதான்: ஸ்லெட் என்கிற இரும்பு வண்டியை டிராக்டர் இழுக்க வேண்டும். ஸ்லெட்டின் பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் மண்ணில் உரசும் தட்டு, மேலே ஓர் எடைப்பெட்டி. இழுக்க இழுக்கப் பெட்டி முன்னால் நகர்ந்து வந்து தட்டை மண்ணில் அழுத்தும். போகப் போக டிராக்டர் திணறும், புகை கக்கும், முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பும். 300 அடி போய்விட்டால் முழு இழுவை. கூட்டம் எழுந்து நின்று கூச்சலிடும். அதன்பின் ஒரு சாதாரண டிராக்டர் வந்து அந்த ஸ்லெட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போகும். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

இதே மாநிலத்தில் பவுலிங் கிரீன் ஊரில் 1967 முதல் தேசியப் போட்டியே நடக்கிறது. பெரியவர் உள்ளூர்ச் சந்தைத் திடலோடு சரி. ஆனால் செலவு தேசிய அளவில்தான். சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன், வேறு கார்புரேட்டர், கூராகச் செதுக்கிய டயர், எடைக்கட்டி மாட்ட முன்சட்டத்தில் வரிசையாகத் துளைகள், கவிழாமல் தாங்கப் பின்னால் இரண்டு கம்பிகள். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தார். மனைவி தோட்டத்துக்குப் போனபிறகு கூட்டச் சொன்னார். கல்யாணச் செலவையெல்லாம் சேர்த்து மாப்பிள்ளைக்கு விலை போட்டது போல் ஒரு தொகை வந்தது.

யார் வாங்குவார்? விவசாயிக்கு வைக்கோல் வண்டி இழுக்க நிதானமான டிராக்டர் வேண்டும். இது நிற்கும்போதே திமிறுகிறது. பழம்பொருள் சேகரிப்பவர் துளைகளைப் பார்த்ததுமே துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கிளம்பிவிடுவார். மிஞ்சுவது இன்னொரு போட்டிக்காரர். அவர் கேட்பது ஒரே கேள்வி: ஜெயிக்கிற வண்டியை ஏன் விற்கிறீர்கள்? வயதாகிவிட்டது என்றால், உங்களுக்கா, என்ஜினுக்கா என்பார். போதாததற்கு, அடுத்தவர் பூட்டிய என்ஜினை நம்பாமல் முழுக்கப் பிரித்துத் தாமே மறுபடி பூட்டுவார். அந்தக் கூலியையும் நம் விலையில்தான் கழிப்பார்.

ஆகவே, இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கை வைக்காத வண்டிக்கு ஊரில் என்ன விலையோ, அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். டயருக்கும் எடைக்கட்டிக்கும் தனியாகக் கேளுங்கள். அவை இன்னொரு வண்டிக்கும் ஆகும். கழற்றிப்போட்ட பழைய பாகங்கள் கொட்டகையில் கிடந்தால் துடைத்து வையுங்கள். வாங்க வருகிறவர் அவற்றையும் கேட்பார்.